மின்னூல் வாசிப்பானை எப்போது மாற்ற வேண்டும்? முழுமையான வழிகாட்டி

2015-ஆம் ஆண்டு வாங்கிய ஆறு அங்குல மின்னூல் வாசிப்பான் ஒன்று இன்றும் என் படுக்கையருகே இருக்கிறது. அதில் ஒரு நாவலைப் படிக்கும்போது எனக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அதே கருவியில், பழைய தமிழ்ப் பதிப்பு ஒன்றை வருடிச் (ஸ்கேன் செய்து) சேர்த்த பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் பத்து நிமிடங்களில் கண் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. கருவி ஒன்றுதான், படிப்பவனும் ஒருவன்தான். மாறியது படிக்கும் பொருள் மட்டுமே. ஆகவே, கருவி வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்ப்பதால் முடிவு கிடைக்காது என்பதும், எந்த வகை வாசிப்புக்கு அது குறுக்கே நிற்கிறது என்று கண்டறிவதே முதல் வேலை என்பதும் என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி அந்த வேலையைப் படிப்படியாகச் செய்வதற்கானது.

முதலில், இந்தக் கருவிகள் ஏன் கைபேசியைப் போல விரைவில் மூப்படைவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இவற்றின் மின்மைத் (இ-இங்க்) திரையில் மிக நுண்ணிய உறைகள் நிறைந்துள்ளன. அவற்றுக்குள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஏதேனும் ஒரு நிறத் துகள் மேலே வருகிறது. வந்த பிறகு, மின்சாரம் இல்லாமலேயே அங்கே தங்கிவிடுகிறது. பக்கத்தைத் திருப்பும் கணத்தில்தான் திரை மின்சாரத்தைச் செலவிடுகிறது. எழுத்தைக் காட்டுவது மட்டுமே வேலை என்பதால், செயலிக்கும் பெரிய சுமை இல்லை.

முன்னேற்றங்களும் மெதுவாகவே வந்திருக்கின்றன. 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான, அமேசானின் முதல் கிண்டில் வாசிப்பானின் திரையில் அங்குலத்திற்கு 167 பிக்சல்கள் இருந்தன. 2012-இல் முன்விளக்குடன் வந்த கிண்டில் பேப்பர்வைட்டில் அது 212 ஆனது. 2015-இல் வந்த மூன்றாம் பேப்பர்வைட்டில் 300 ஆனது. 2018-இல் நீர்புகாத் தன்மை வந்தது. 2021-இல் 6.8 அங்குலத் திரையும், யூஎஸ்பி-சி இணைப்பும், மஞ்சள் ஒளிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தன. 2024-இல் திரை 7 அங்குலமானது. 2015-க்குப் பிறகு எழுத்தின் கூர்மைக்கான எண் மாறவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 167 அல்லது 212 பிக்சல் திரை என்றால், மாற்றும்போது வேறுபாடு முதல் பக்கத்திலேயே தெரியும். 300 பிக்சல் திரை என்றால், புதிய கருவி உங்களுக்குத் தரப்போவது வேகமும் வசதிகளும்தான். எழுத்து ஏறத்தாழ முன்போலவே இருக்கும்.

முதல் படி: இரண்டு வாரக் குறிப்பு

ஒரு சிறு தாளைக் கருவியின் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு, வாசிப்பு தடைபடும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "சார்ஜ் தீர்ந்தது", "பிடிஎஃப் எழுத்து சிறியது", "பக்கம் திரும்பத் தாமதம்", "விளக்கு கண்ணைக் கூசுகிறது", "நூல் இறங்கவில்லை" என்ற அளவில் எழுதினால் போதும். எதனாலும் தடைபடாமல், படிக்கத் தோன்றாததால் மூடிவைத்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குப் புதிய கருவி மருந்தாகாது.

இரண்டு வாரங்களின் முடிவில் எந்தக் காரணம் மிகுதியாக வந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து வரும் பகுதிகளில் அதற்குரியதை மட்டும் ஊன்றிப் படித்தாலும் போதும்.

இரண்டாம் படி: செலவில்லாத சிகிச்சைகளை முதலில் முயலுங்கள்

பேட்டரி விரைவில் தீர்வதுதான் பலரும் சொல்லும் முதல் புகார். ஆனால் பேட்டரி விரைவில் தீர்வதெல்லாம் பேட்டரியின் மூப்பால் அல்ல. நூறு இருநூறு நூல்களை ஒரே நேரத்தில் கருவியில் ஏற்றினால், ஒவ்வொரு நூலிலும் உள்ள சொற்களைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலையைக் கருவி பின்னணியில் தொடங்கிவிடும். அது முடியும்வரை சார்ஜ் வேகமாக இறங்கும். சிதைந்த கோப்பு ஒன்று இடையில் சிக்கிக்கொண்டால் அந்த வேலை முடிவதே இல்லை. என் கருவி இரண்டு நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கத் தொடங்கியபோது, அதன் ஆயுள் முடிந்துவிட்டதாகவே நான் நினைத்தேன். கடைசியாக ஏற்றிய நூல்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் ஒரு கோப்பு அகப்பட்டது. அதை அழித்ததும் பழையபடி வாரக்கணக்கில் சார்ஜ் நின்றது.

ஆகவே, சோதனையை இப்படிச் செய்யுங்கள். அண்மையில் ஏற்றிய, ஐயத்திற்குரிய கோப்புகளை நீக்குங்கள். கருவியை மறுதொடக்கம் செய்யுங்கள். கிண்டிலில் மின்பொத்தானை ஏறத்தாழ 40 விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது நடக்கும். முழுவதும் சார்ஜ் செய்து, விமானப் பயண நிலைக்கு மாற்றி, விளக்கை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் படித்துவந்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்தைத் தாண்டினால் பேட்டரிக்காகக் கருவியை மாற்றத் தேவையில்லை என்பேன். வாரம் ஒருமுறை சார்ஜ் செய்வது பெரிய துன்பமன்று. மூன்று நான்கு மணி நேரத்தில் அணைந்துவிட்டால் பேட்டரி உண்மையாகவே முடிந்துவிட்டது.

அப்போதும் பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் முன்சட்டமோ பின்மூடியோ பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், திறப்பதற்குப் பழகிய கை தேவை. நீர்புகாக் கருவியைத் திறந்தால் அந்தத் தன்மை போய்விடும் என்றே கொள்ள வேண்டும். மின்னூல் வாசிப்பான்களை விற்கும் கோபோ நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கருவிகளுக்கு, பழுதுநீக்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்துடன் இணைந்து உதிரிப்பாகங்களும் பழுதுநீக்கும் குறிப்புகளும் கிடைக்க வழிசெய்தது. நீண்ட காலம் பயன்படுத்த நினைப்பவர்கள் அடுத்த கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். கருவியின் முதுகு உப்பினாலோ, திரை சட்டத்திலிருந்து சற்றே மேலெழும்பினாலோ, பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுச்செல்வதும், மாதக்கணக்கில் முழுவதும் தீர்ந்த நிலையில் அலமாரியில் வைத்துவிடுவதும் லித்தியம் பேட்டரியைக் கெடுக்கும் பழக்கங்கள். நெடுநாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதியளவு சார்ஜுடன் வைப்பது நல்லது.

பக்கம் திரும்பிய பிறகும் முந்தைய பக்கத்தின் எழுத்து நிழல்போலத் தெரிந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் திரையைப் புதுப்பிக்கும் அமைப்பை இயக்கிப் பாருங்கள். திரையில் அசையாத கோடுகள் நிலையாக நின்றால் அது உடைவு. பேனல் மாற்றும் செலவு புதிய கருவியின் விலையை நெருங்கிவிடக்கூடும் என்பதால் அங்கே தயங்க வேண்டியதில்லை. வைஃபை இணையவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். பழைய வாசிப்பான்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புதிய ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினாலோ, டபிள்யூபிஏ-3 பாதுகாப்பை மட்டும் ஏற்றாலோ, நல்ல கருவிகூடப் பழுதானதுபோல நடந்துகொள்ளும்.

மூன்றாம் படி: கடையும் மென்பொருளும் எவ்வளவு காலம் உடன்வரும்?

கருவி நன்றாக இருக்க, அதன் பின்னணியில் இயங்கும் சேவை விலகிக்கொள்வது இந்தத் துறையில் பல முறை நடந்திருக்கிறது. 2014-இல் சோனி வட அமெரிக்காவில் தன் மின்னூல் கடையை மூடி, வாடிக்கையாளர்களைக் கோபோவிடம் ஒப்படைத்தது. பழைய கிண்டில்கள் 2016 மார்ச் 22-க்குள் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் இணையத் தொடர்பை இழக்கும் என்று அமேசான் அறிவித்தது. 2021 இறுதியில் அமெரிக்காவில் 3ஜி சேவைகள் நிறுத்தப்படத் தொடங்கியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த தொடக்ககாலக் கிண்டில்களின் இணைப்பும் முடிவுக்கு வந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து சில பழைய மாதிரிகளில், கருவியிலிருந்தே நூல் வாங்கும் வசதி நின்றது. 2025 பிப்ரவரி 26 அன்று, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வழியையும் அமேசான் மூடியது.

இவற்றில் எதுவும் கருவியில் ஏற்கெனவே உள்ள நூல்களைப் படிக்க முடியாமல் செய்யவில்லை. ஆகையால், நீங்கள் நூல்களை எங்கிருந்து பெறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இந்தக் காரணத்தின் கனம் அமையும். உங்கள் வாசிப்பு முழுவதும் ஒரு நிறுவனத்தின் கடையிலிருந்து வருகிறது என்றால், அந்தக் கடையின் நூல்கள் உங்கள் கருவிக்கு வந்துசேராத நாளே மாற்ற வேண்டிய நாள். மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் போன்ற இலவசத் தமிழ் நூல் தளங்களிலிருந்து, பிரதியெடுப்பைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்புகளைப் பெற்றுப் படிப்பவர்களுக்கு அந்த நாள் வருவதற்குக் காரணமே இல்லை. கோவிட் கோயல் உருவாக்கிய காலிபர் என்ற இலவச மென்பொருள், கோப்பைக் கருவிக்கேற்ற வடிவத்திற்கு மாற்றி, ஒரு யூஎஸ்பி வடத்தின் மூலம் ஏற்றித் தந்துவிடும்.

நான்காம் படி: கண்ணும் தமிழ் எழுத்தும்

பொதுவான வழிகாட்டிகள் பேசாத, நமக்கு மட்டுமே உரிய கேள்விகள் இங்கே தொடங்குகின்றன. தொடக்ககால வாசிப்பான்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக்காட்டும் திறன் இல்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றன. ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாகப் பிடிஎஃப் உருவாக்கித் தரும் வழக்கம் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இருப்பது அத்தகைய கருவிகளை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. உங்கள் கருவியில் தமிழ் மின்னூல் ஒன்றைத் திறந்து, 'கொ', 'நௌ', 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எழுத்து உடைந்து தெரிந்தால், மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்த பிறகு, தயக்கமின்றி மாற்றலாம். ஒரு மொழியின் வாசகருக்கு அந்த மொழியின் எழுத்தையே சரியாகக் காட்டாத கருவியை வைத்துக்கொண்டு பொறுமை காப்பதில் பொருளில்லை.

எழுத்தின் அளவு அடுத்த கேள்வி. நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்கும்போது, கருவி மங்கிவிட்டதாகவே முதலில் தோன்றும். கண் மருத்துவரைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்ட பிறகே திரையைக் குறைசொல்ல வேண்டும். அதன் பிறகும் பெரிய எழுத்து தேவைப்பட்டால், தமிழுக்கு உரிய ஒரு சிக்கல் வரும். நம் சொற்கள் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நீண்டுவிடுகின்றன. ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொற்கள்கூட அமைவதில்லை. இருபுறமும் வரி நேராக நிற்க வேண்டும் என்ற அமைப்பு இருந்தால், சொற்களுக்கிடையே அகலமான வெற்றிடங்கள் விழுந்து பக்கமே கிழிந்ததுபோலத் தெரியும். முதலில் இடப்பக்கம் மட்டும் சீராக நிற்கும் அமைப்புக்கு மாற்றி, ஓரங்களைக் குறையுங்கள். பலருக்கு அதுவே போதும். போதவில்லை என்றால், பெரிய திரையை நாடுவதற்கு இது நேர்மையான காரணம். தமிழ் வாசகருக்கு 6 அங்குலத்திற்கும் 7 அங்குலத்திற்கும் உள்ள வேறுபாடு, ஆங்கில வாசகருக்கு உள்ளதைவிடக் கூடுதலானது என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: வருடிய பிடிஎஃப் நூல்கள்

தமிழில் ஆழ்ந்து படிப்பவர்களுக்குக் கருவியை மாற்ற மிக வலுவான காரணம் இதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைச் சேமிக்கும் நூலகம் திட்டத்திலும் உள்ள நூல்களில் பெரும்பகுதி, அச்சுப் பக்கங்களை அப்படியே படமாக வருடிய கோப்புகள். அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கம் முழுவதும்தான் பெரிதாகும் அல்லது சிறிதாகும்.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். டெம்மி 1/8 என்ற அச்சு அளவில் உள்ள நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. ஆறு அங்குலத் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டது. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால், அச்சில் 11 பாயிண்ட் அளவில் இருந்த எழுத்து 6 பாயிண்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். 'ன'கரத்தின் சுழி எத்தனை, புள்ளி உண்டா இல்லையா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். ஏழு அங்குலத் திரையிலும் மூல அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 10.2 அங்குலத் திரை கொண்ட கிண்டில் ஸ்கிரைப் போன்ற கருவியில், பக்கம் கிட்டத்தட்ட அச்சில் இருந்த அளவிலேயே தெரியும்.

ஆனால் பெரிய கருவியை வாங்குமுன், ஓரங்களை வெட்டிவிட்டுத் திரையைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அச்சிட்ட பகுதியின் அகலம் பெரும்பாலும் 10, 11 செ.மீ.தான், கிடைமட்டத்தில் ஆறு அங்குலத் திரையின் அகலம் 12 செ.மீ. ஆகிவிடுகிறது. அதாவது, எழுத்து அச்சில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே சென்று, படத்திலுள்ள ஒவ்வொரு சொல்லையும் துண்டாக வெட்டி, சிறு திரைக்கேற்ப மீண்டும் அடுக்கித் தருகிறது. அது எழுத்தை அடையாளம் காண முயலாமல் படத்தையே வெட்டுவதால், தமிழ் நூல்களிலும் வேலை செய்கிறது. செய்யுளும் உரையும் கலந்த பழைய பதிப்புகளில் மட்டும் சீரமைப்பு குலைந்து, அடி எது உரை எது என்று தெரியாமல் போகும். கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளிலும் இதே வசதி உள்ளது. கோபோ, பாக்கெட்புக் கருவிகளில் அதை எளிதாக நிறுவலாம், கிண்டிலில் நிறுவ நிறுவனத்தின் பூட்டை உடைக்க வேண்டியிருக்கும்.

ஓராண்டில் எப்போதோ ஒரு வருடிய நூலைப் படிப்பவருக்கு இந்த வழிகள் தாராளமாகப் போதும். அடிக்குறிப்புகளும் பாடபேதங்களும் நிறைந்த பதிப்புகளை வாரந்தோறும் புரட்டும் ஆய்வாளருக்கும் மாணவருக்கும், பத்து அங்குலக் கருவி ஆடம்பரமன்று. நானும் மூன்று மாதங்கள் கிடைமட்டமாகப் படித்துப் பார்த்த பிறகே, பிடிஎஃப்-களுக்கென்று பெரிய கருவி ஒன்றை வாங்கினேன். பழைய சிறு கருவியை விற்கவில்லை. படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடிக்க அதைவிட ஏற்றது எதுவுமில்லை.

நிறத்திரைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெலைடோ 3 வகைத் திரைகளில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்திற்கு 300 பிக்சலிலும், நிறம் 150 பிக்சலிலும் தெரியும். நிற வடிகட்டி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், பின்னணி சற்று இருண்டே இருக்கும். விளக்கைக் கூடுதலாக வைக்க வேண்டிவரும். படக்கதைகளும் பாடநூல்களும் படிப்பவர்களுக்குப் பயன்படும். உரைநடை மட்டுமே படிப்பவர் இதற்காகப் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: விலையும் முடிவும்

2024 பேப்பர்வைட் இந்தியாவில் 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய்க்கு வந்தது. இத்தகைய தொகையை, நீங்கள் அந்தக் கருவியைப் பயன்படுத்தக்கூடிய ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஏழு ஆண்டுகள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 ரூபாய். இரண்டு வாரக் குறிப்பில் மிகுதியாக வந்த அந்த ஒரே தடையை நீக்குவதற்கு ஆண்டுதோறும் அவ்வளவு கொடுப்பீர்களா என்று கேட்டுக்கொண்டால், விடை பெரும்பாலும் உடனே வந்துவிடும். தயக்கம் இருந்தால், நண்பர் எவரிடமாவது புதிய கருவியை ஒரு வாரம் இரவல் வாங்கி, உங்கள் தாளில் குறித்த அதே நூல்களையே அதில் படித்துப் பாருங்கள். கடையில் காட்டும் மாதிரிப் பக்கங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்குத் தொல்லை கொடுத்த கோப்பு அதில் எப்படித் தெரிகிறது என்பதே சோதனை.

ஏழாம் படி: பழைய கருவியை ஒப்படைத்தல்

புதியது வந்ததும் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். கிண்டிலைக் கணினியுடன் இணைத்தால், 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பு இருக்கும். நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் அதில்தான் உள்ளன. நீங்களே ஏற்றிய நூல்களின் குறிப்புகள் புதிய கருவிக்குத் தாமாக வந்துசேரும் என்று நம்ப வேண்டாம். அந்தக் கோப்பையும், வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களையும் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பயன்படுத்துங்கள். அதன் பிறகு கணக்கிலிருந்து பழையதை நீக்கி, ஆலை அமைப்புக்குத் (ஃபேக்டரி ரீசெட்) திருப்புங்கள். கணக்கை நீக்காமல் கொடுத்தால், வாங்கியவர் கையில் உங்கள் நூல்களும் வாங்கும் வசதியும் போய்விடும்.

பேட்டரி வீங்கியதும் திரை உடைந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். நன்றாக இயங்கும் கருவி என்றால், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் ஐம்பதைத் தேர்ந்து, அவற்றின் பூட்டில்லாத கோப்புகளை ஏற்றி, விமானப் பயண நிலையில் வைத்து, படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவரிடம் கொடுங்கள். அவருக்குக் கணக்கும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. சார்ஜ் செய்யும் வடத்தை மட்டும் மறக்காமல் உடன் கொடுத்துவிடுங்கள், பழைய கருவியின் மைக்ரோ யூஎஸ்பி வடம் இப்போது எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை.